ஓகே ஷீட்

என் கணவர் சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்தார். சிறுநீரகம் கெடத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிற ஒரு காகித அட்டையை அவர் செய்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்த நோய் அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு விதி என்றார்கள். விதி என்று சொல்லிவிட்டால் எழுந்து போக வசதியாக இருக்கும். எனக்கு அந்த வசதி இல்லை. அந்த அட்டையை அச்சடித்தவள் நான். எதற்குப் பிறகு எது நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சிவகாசியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது என் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கிற வேலை. தீபாவளிக்கு முந்தின மாதங்களில் பட்டாசுப் பெட்டி ஸ்டிக்கர், அது முடிந்தால் காலண்டர் அட்டையில் கடைப் பெயர், நடுநடுவே கல்யாணப் பை. என் கணவர் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். என் பட்டறைக்கு வந்தால் மை கரைக்கிற தின்னர் வாசத்தில் தலை வலிக்கிறது என்று வாசலிலேயே நின்றுகொள்வார். ஆய்வகத்தில் எதையெல்லாமோ மோந்து பார்க்கிற மனுஷர், பெண்டாட்டி கடை என்றால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்படி ஒருவரை ஒருவர் நக்கல் அடித்தே பொழுது போயிற்று.

என் தங்கை நர்ஸ். எம். புதுப்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

“காலையில போனா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாக. குடிச்சா ஒதுங்கணும்ல. வெயிலு வேற. கால் வீங்குன பெறகுதான் எங்கிட்ட வாராக. அதுக்குள்ள கிட்னி போயிருது.”

“முன்னாலயே யூரின் டெஸ்ட் எடுத்துற வேண்டியதுதான?” என்றார் அவர்.

“லேபுக்கு டவுனுக்கு வரணும் அத்தான். ஒரு நாள் வேல போயிரும், யாரு வருவா? டெஸ்ட் பண்ற குச்சி வரும், வந்தா தீந்துரும், டப்பாவத் தொறந்து வச்சா வீணாப் போயிரும். அங்கனயே நிக்க வச்சுப் பாத்துச் சொல்ற மாதிரி, நம்மளே செஞ்சுக்கிற மாதிரி ஏதாச்சும் இருந்தாத் தேவல.”

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எங்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். சிறுநீரில் புரதம் ஒழுகுவது சிறுநீரகம் கெடுவதற்கு முதல் அடையாளங்களில் ஒன்று. ஒரு சாயம் இருக்கிறது, புளிப்போடு சேர்த்து வைத்தால் மஞ்சளாக நிற்கும், புரதம் பட்டால் பச்சையாகும். அந்தச் சாயத்தை உறிஞ்சுகிற காகிதத்தில் ஒரு பொட்டாக வைத்துவிட்டு, காகிதத்தின் ஓரத்திலிருந்து அந்தப் பொட்டு வரைக்கும் நூல் அகலத்தில் ஒரு வழி விட வேண்டும். ஓரத்தைச் சிறுநீரில் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அது தானாக ஏறிப் பொட்டுக்குப் போய்விடும். பம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். வெளிநாட்டில் இந்த நூல் அகல வழிகளைக் கண்ணாடியிலும் சிலிக்கான் ரப்பரிலும் தூசி புகாத அறைகளுக்குள் செய்கிறார்களாம். அவருடைய ஆய்வகத்தில் மின்விசிறி சுற்றுவதற்கே மனுப் போட வேண்டும்.

“வழிக்கு ரெண்டு பக்கமும் மெழுகுல கரை கட்டணும், அம்புட்டுதான். அதுக்கு ஒன் ஸ்கிரீனே போதும்,” என்று என்னைப் பார்த்தார்.

“தின்னர் வாசம் தாங்குமா சாருக்கு?” என்று கேட்டேன்.

மெழுகுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. தீக்குச்சியைத் தோய்க்கிற மெழுகுதான். காகிதம்தான் கஷ்டப்படுத்தியது. சிவகாசிக்கு வருகிற காகிதம் எல்லாம் மை பரவக் கூடாது, உறிஞ்சக் கூடாது என்று பக்குவம் செய்யப்பட்டது. ஆயுள் முழுக்க நாங்கள் எதைத் தடுக்கப் பாடுபடுகிறோமோ அதுதான் இவருக்கு வேண்டும். நியூஸ் பிரிண்ட், டிஷ்யூ, மை ஒற்றுகிற தாள் என்று என்னென்னவோ பார்த்துவிட்டு, கடைசியில் கல்லூரியில் வடிகட்டப் பயன்படுத்துகிற சாதாரண ஃபில்டர் தாளுக்கு வந்து சேர்ந்தோம்.

செய்முறை ரொம்பச் சுலபம். வழியையும் பொட்டையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு இறங்கும்படி ஸ்கிரீன் போட்டேன். மெழுகுக் கட்டியை வலைத்துணி மேல் அழுத்தித் தேய்த்தால் கீழே காகிதத்தில் படியும். பிறகு அதன் மேல் இஸ்திரிப் பெட்டி. சூடு குறைந்தால் மெழுகு அடிவரை இறங்காது, ஈரம் கரையைத் தாண்டி ஒழுகும். சூடு கூடினால் மெழுகு பரவி வழியே அடைபட்டுவிடும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே இஸ்திரிப் பெட்டி. மெழுகு ஒட்டின அதே பெட்டியில் அவர் சட்டையையும் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முதுகில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு திட்டோடு வகுப்புக்குப் போவார். அட்டைக்குப் பின்பக்கம் ஒழுகாமல் இருக்க பேக்கிங் டேப் ஒட்டினோம். ஸ்டிக்கர் வெட்டுகிற டையிலேயே அளவாக வெட்டி எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் நானும் அவரும் மட்டும். அவர் ஈரம் ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நிற்பார். நல்ல நாட்கள் அவை.

அட்டை ஒழுங்காக வந்ததும் சோதித்துப் பார்க்கச் சிறுநீர் வேண்டியிருந்தது. மாணவர்களுடையதை எடுக்கக் கல்லூரியில் ஒரு குழு கூடி அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவோ கூடுகிற வழியாக இல்லை. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் தப்பாகக் காட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார். மிஞ்சினது அவர்தான். சர்க்கரை கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, காலையில் நடைப்பயிற்சி. “என்னய விட நார்மலான ஆளு இந்த ஜில்லாவுலயே கெடையாது,” என்று சிரித்துக்கொண்டே குப்பியோடு உள்ளே போனார்.

வெறும் தண்ணீரில் பொட்டு மஞ்சளாகவே நின்றது. முட்டை வெள்ளைக்கருவைக் கலக்கின தண்ணீரில் கரும்பச்சையாக மாறியது. அவருடையதில் இளம்பச்சை.

“கார்டுல கோளாறு இருக்கு,” என்றார் அவர். நானும் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு பல மாதம் அந்தக் கோளாறைத் தேடினோம். காகிதத்தை மாற்றினோம். டேப்பின் பசை காகிதத்துக்குள் இறங்குகிறது என்று வேறு டேப் வாங்கினோம். எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு என்று சந்தேகப்பட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் சாயத்தைக் கரைத்தார். ஆலங்குளத்துப் பக்கம் இருந்து சிமென்ட் தூசி காற்றில் வந்து காகிதத்தில் படிந்திருக்கும் என்றுகூட ஒரு நாள் சொன்னார். “அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒங்க கார்டத் தேடி வருதாக்கும்,” என்றேன். கடைசியில் சிறுநீரிலேயே காரம், அதாவது புளிப்புக்கு எதிரான குணம், இருக்கலாம், காரம் பட்டாலும் இந்தச் சாயம் பச்சையாகும், புத்தகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். புத்தகத்தில் இருப்பது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. காரத்தை அடக்க எலுமிச்சை உப்பைக் கூட்டிக்கொண்டே போனார். பச்சை வெளுத்தது. முழுக்கப் போகவில்லை.

இதே பச்சையை மதுரையில் ஒரு பெரிய லேபின் இயந்திரம் காட்டியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்போம். சொன்னது இஸ்திரிப் பெட்டியும் பேக்கிங் டேப்பும். மலிவான சாமானில் செய்தது மலிவாகத்தான் பேசும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மனதுக்குள் இருந்திருக்கிறது. எங்கள் கையால் செய்ததை நாங்களே நம்பவில்லை.

அச்சுத் தொழிலில் ஓகே ஷீட் என்று ஒன்று உண்டு. ஆர்டர் ஓட்டுவதற்கு முன்னால் முதலில் ஒரு தாளைச் சரியாக அடித்து, ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் காட்டுவோம். அவர் பார்த்து, அதன் மேலேயே ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதை லைட்டுக்குக் கீழே கிளிப்பில் மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற தாள் எல்லாம் அதோடு ஒத்திருந்தால் சரி, ஒத்திராவிட்டால் தப்பு. அந்த ஓகே ஷீட் சரியா என்று யாரும் கேட்க மாட்டோம். ஒரு தடவை பட்டாசு லேபிளில் கிளியின் மூக்கும் பச்சையாக விழுந்துவிட்டது. பார்ட்டி கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். முழு லோடும் பச்சை மூக்குக் கிளியாகவே போனது. அவரே வந்து பார்த்துவிட்டு, நான்தானே கையெழுத்துப் போட்டேன் என்று பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். தொழில் அப்படி.

அட்டையிலும் அதைத்தான் செய்தோம். பொட்டுக்குப் பக்கத்தில் நிறக் கட்டங்கள் அச்சடிக்க வேண்டும், நர்ஸ் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. முதல் கட்டம் ‘இயல்பு’, அடுத்தது ‘கொஞ்சம்’, அதற்கடுத்தது ‘அதிகம்’. இயல்புக்கு என்ன நிறம் என்று கேட்டேன். அவர் தன்னுடைய அட்டையை எடுத்து நீட்டினார். மஞ்சளில் லேசாகப் பச்சை தட்டின நிறம். அதைப் பார்த்து நான் மை கலந்தேன். எனக்கு மை கலப்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அட்டைக்கும் கட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாதபடி கொண்டுவந்தேன். அவர் பார்த்தார், பேனாவை எடுத்து ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கிளிப்பில் மாட்டினேன்.

ஊர்க்காரர்களிடம் சோதித்துப் பார்க்க, குழுவின் அனுமதிக்காக மறுபடியும் காத்திருந்தோம். அந்த நாட்களில் அவருக்கு அடிக்கடி தலைவலி வந்தது. என் பட்டறையின் தின்னர்தான் காரணம் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் காலில் வார் தடம் ஆழமாகத் தெரியும். நாளெல்லாம் நின்று பாடம் எடுக்கிற கால் வீங்கத்தானே செய்யும் என்று நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வீட்டில் ஒருத்தரைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரிவதில்லை.

அனுமதி வந்தது. தங்கை அட்டைகளின் முதல் கட்டை வாங்கிக்கொண்டு போனாள். சீசன் நேரம். பட்டறையில் பெண்கள் உட்கார்ந்து ஸ்டிக்கர் எண்ணிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, கார்டுல ஏதோ தப்பு இருக்கு. எல்லாரும் இயல்புக்கும் கீழ வாராக.”

“கீழன்னா?”

“இயல்புன்னு போட்ட கட்டத்த விட மஞ்சளா வருது. ஒரே ஒரு பெரியவருக்குத்தான் அந்தக் கட்டத்தோட அப்படியே ஒத்துப்போச்சு. அவருக்கு ஏற்கனவே கிட்னி கோளாறு, நான்தான் மதுரைக்கு எழுதிக் குடுத்தேன்.” பேசிக்கொண்டே வந்தவள் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அக்கா, அந்த இயல்புக் கட்டம் யாரு யூரின வச்சு அடிச்சீக?”

“ஒன் அத்தானோடதுதான்.”

“நாளைக்கே அவுகளக் கூட்டிட்டு வா,” என்றாள்.

அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, தங்கை சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் யோசித்தார். கணக்குச் சரியாக வந்தால் அவருக்கு முகம் மலருமே, அதே மாதிரி மலர்ந்தது.

“அப்ப கார்டு ஆரம்பத்துல இருந்தே சரியாத்தான் காட்டிருக்கு,” என்றார்.

அவர் மேல் எனக்கு அந்த அளவுக்குக் கோபம் அதற்கு முன்னால் வந்ததில்லை. கையில் இருந்த குழம்புச் சட்டியைத் தரையில் போட்டு உடைத்தேன். நழுவவில்லை, போட்டேன். அவர் எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து சில்லுகளைக் கூட்டத் தொடங்கினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன்.

மதுரையில் ரத்த அழுத்தம் பார்த்ததும் டாக்டர் மறுபடியும் ஒரு முறை பார்த்தார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. அழுத்தம் உள்ளுக்குள்ளேயே வருடக்கணக்காக இருந்திருக்கிறது, தலைவலியும் அதனால்தான், வலி மாத்திரை அதற்கு மேல் கெடுத்திருக்கிறது என்றார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் மருந்திலேயே நிறைய நாள் தள்ளியிருக்கலாம் என்றும் சொன்னார்.

“அறிகுறி ஒண்ணுமே தெரியலையா சார்?” என்று கேட்டார் டாக்டர்.

“தெரிஞ்சது டாக்டர். நாங்கதான் அதத் திருத்திட்டோம்,” என்றார் என் கணவர். டாக்டருக்குப் புரியவில்லை. விளக்குகிற தெம்பு எங்கள் இருவருக்கும் இல்லை.

பிறகு டயாலிசிஸ். விருதுநகருக்குப் போய்வருவதே வாழ்க்கையாகிவிட்டது. ஆமத்தூர் வழியாகப் பஸ் போகும்போது ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிடுவார். ரத்தம் குழாயில் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே, “நம்ம கார்டு மாதிரிதான், என்ன, இதுக்குப் பம்பு இருக்கு,” என்று நர்ஸிடம் பாடம் நடத்துவார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு ஐஸ் கட்டி கேட்பார். ஒரு கட்டியைக் கொடுத்துவிட்டு இன்னொன்று கொடுக்காமல் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று கவலைப்பட்டவருக்குத் தண்ணீரை மறுக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அட்டையின் ஸ்கிரீனை அதற்குள் நான் கரைத்துக் கழுவிவிட்டேன். இனிமேல் அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

“புளிப்பக் கொறச்சு முன்னால இருந்த மாதிரி வச்சிருக்கேன். நெறக் கட்டம் மட்டும் மாத்தணும். நீதான் அடிக்கணும்.”

“எனக்கு வேணாம்ங்க. நம்ம பட்டது போதும்.”

“நம்ம பட்டோம். அவுக எதுக்குப் படணும்?”

மாட்டேன் என்று ஒரு மாதம் வீம்பு பிடித்தேன். அவர் கோபப்படவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒரு தடவை கேட்பார், அவ்வளவுதான். கடைசியில் புது ஸ்கிரீன் போட்டேன். இந்தத் தடவை தங்கை, லேபில் பரிசோதித்து நன்றாக இருக்கிறார்கள் என்று உறுதியான பலரிடம் முறைப்படி எழுதி வாங்கி மாதிரி எடுத்தாள். எல்லாம் சுத்த மஞ்சள். இயல்புக் கட்டத்தை அந்த மஞ்சளில் அடித்தேன். ‘கொஞ்சம்’ என்ற கட்டத்துக்கு மை கலக்க உட்கார்ந்தபோது, அவருடைய சிறுநீரில் தொட்டெடுத்த புது அட்டையை எதிரில் வைத்துக்கொண்டேன். கண்ணீர் விழுந்தால் மை கெட்டுவிடும் என்று நிறுத்தி நிறுத்திக் கலந்தேன். அட்டை தயாரானதும் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நான் போட்டது போதும். நீ போடு,” என்றார்.

நான் போட்டேன். பட்டறைக்கு முதலாளியாகி இத்தனை வருடத்தில் ஓகே ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்தது. மூச்சு விட முடியாமல் என் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரியில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்த மறுவாரமே பட்டறையைத் திறந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொடவும் முடியவில்லை. அதனால் கொஞ்ச காலம் கசங்கின சேலையையே கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அட்டையை நிறுத்தவில்லை. தங்கை கேட்கக் கேட்க அடித்துக் கொடுக்கிறேன். அதில் பச்சை காட்டுகிறவர்களை அவள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முழுப் பரிசோதனை எடுக்க வைக்கிறாள்.

போன மாதம் ஒரு பெண் பட்டறையைத் தேடிக்கொண்டு வந்தாள். எம். புதுப்பட்டிக்காரி, பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை. முப்பது வயதுகூட இருக்காது. அட்டையில் பச்சை காட்டி, தங்கை அவளை மதுரைக்கு அனுப்பி, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்களாம். மாத்திரையிலேயே இருக்கிறாள். நர்ஸக்காவிடம் விலாசம் கேட்டு, காராச்சேவுப் பொட்டலம் ஒன்றோடு வந்திருந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது, காலில் வீக்கம் இல்லை. நான் முதலில் அவள் காலைத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் மட்டும்தான் என்று எழுதினால் அது பொய். இவளுக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

அவள் மேஜையில் கிடந்த ஓர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்துனூண்டு காகிதம். இது சொல்றத எப்படிக்கா நம்புனீக? மொத மொத யாருக்கு வச்சுப் பாத்தீக?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“அவுக நல்லா இருக்காகளா?”

ஸ்டிக்கர் எண்ணுகிற பெண்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். நான் காராச்சேவுப் பொட்டலத்தை வாங்கி மேஜையில் வைத்தேன்.

“அவருக்கும் இது சரியாத்தான் சொல்லுச்சும்மா,” என்றேன். “நாங்க நம்பல.”